பெட்டிக்குள் வந்த கன்று: வடசென்னை வாசகர்கள் கேட்டவை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆடி என்றால் ஆன்லைன் தள்ளுபடி. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கூரியரில் வந்த செடிகளைப் பற்றியவைதான். வடசென்னை வாசகர்கள் கேட்டதை மட்டும் தனியாக எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆந்திராவிலிருந்து ஆறு ரோஜாச் செடி வரவழைத்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது பச்சையாக இருந்தன. மூன்றாம் நாள் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. குச்சிதான் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– திருவொற்றியூர் வாசகி

அவசரப்படாதீர்கள் அம்மா. குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தாலும் அடியில் பச்சை இருக்கலாம். மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள்.

இலை கொட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் பயணம்தான். நான்கைந்து நாள் இருட்டுப் பெட்டிக்குள் காற்றில்லாமல் கிடக்கும்போது செடியிலிருந்தே எத்திலீன் என்ற வாயு வெளியாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். இலையையும் அது பழுக்க வைத்து உதிர்த்துவிடும். அதன் விளைவு பெட்டி பிரித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்.

பிரித்த அன்றே நாம் செய்யும் தவறுகள் இதற்கு மேல். பெரிய தொட்டிக்கு மாற்றுவோம், கைப்பிடி உரம் போடுவோம், வெயில் நன்றாகப் படட்டும் என்று மொட்டை மாடியில் வைப்போம். மூன்றுமே கூடாது. நானும் இதைச் செய்தவன்தான். ஒரு மே மாதம் பத்து அத்திக் கன்று வரவழைத்து, ஆசையில் அன்றைக்கே நட்டு மாடியில் வரிசையாக வைத்தேன். ஒரு வாரத்தில் பத்தும் போயின. அனுப்பியவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி பக்கம் கடியம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரே நர்சரிதான். நம் ஊருக்கு வரும் ரோஜா, செம்பருத்தி, பழக்கன்றுகளில் ஏராளம் அங்கிருந்துதான் வருகின்றன. அந்தக் கன்றுகள் பல இறுகிய களிமண் உருண்டையில் இருக்கும். அதை அப்படியே கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலவையில் நட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் இறங்காமல் சுற்றி ஓடிப்போய்விடும். தொட்டி ஈரமாகத் தெரியும், வேர் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் வந்தவுடன் பையோடு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து உருண்டையை ஊற விடுங்கள். பிறகு வடியவிட்டு, பால்கனி நிழலில் ஒரு வாரம் அதே பையில் இருக்கட்டும். இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும். புதுத் துளிர் வந்த பிறகு நடுங்கள். உரம் அதற்கும் அப்புறம்.

இந்த இரண்டு வாரமும் பழைய செடிகள் பக்கத்தில் வைக்காதீர்கள். பார்சலில் மாவுப்பூச்சி இலவசமாக வரும். தண்டும் இலையும் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கொய்யா, எலுமிச்சை, மாதுளை என்று 1,800 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டது, வண்டி வராது என்று கூரியர் கிடங்கில் நான்கு நாள் போட்டு வைத்தார்கள். கையில் வந்தது அழுகல். விற்றவர் கூரியரைக் காட்டுகிறார், கூரியர் விற்றவரைக் காட்டுகிறார். யாரைப் பிடிப்பது?
– வியாசர்பாடி வாசகர்

நீங்கள் பணம் கொடுத்தது விற்றவரிடம். அவரைப் பிடியுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ வந்தால் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் தாமதத்தை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். வெள்ளம் போன்ற கைமீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. ‘அழுகிய பொருள் வந்தது’ என்று எழுதுங்கள், ‘லேட்டாக வந்தது’ என்று அல்ல.

பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா? முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, ஒட்டுநாடாவை அறுப்பது, வேர் வரை காட்டுவது எல்லாம் ஒரே ஓட்டமாக இருந்தால் பலம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. 1,800 ரூபாய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சிலர் வியாபாரமே நடத்துகிறார்கள்.

இமாம் பசந்த் மாங்கன்று, ஒட்டுக்கன்று என்று வாங்கினேன். ஒட்டுப் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கிறது. என் மச்சான் அது வெறும் கொட்டைச் செடி என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
– கொளத்தூர் வாசகர்

உங்கள் மச்சான் சந்தேகப்படுவதில் தப்பில்லை. கொட்டையில் முளைத்த கன்றுக்கு நாடாவைச் சுற்றி ஒட்டு என்று விற்பது பழைய வித்தை. ஒட்டு நன்றாகப் பிடித்த கன்றுக்கு நாடா தேவையும் இல்லை. இருந்தால் தண்டை இறுக்கிவிடும். பிளேடால் மெதுவாக அறுத்து எடுங்கள். உண்மையான ஒட்டு என்றால் சாய்வான வெட்டோ ஆப்பு வடிவமோ தழும்பாகத் தெரியும். அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும், மேலும் கீழும் பட்டையின் நிறத்திலும் சொரசொரப்பிலும் வித்தியாசம் இருக்கும். அடியிலிருந்து நுனி வரை ஒரே வழவழப்பாக, நாடாவின் தடம் மட்டும் இருந்தால் மச்சான் ஜெயித்துவிட்டார்.

ஒட்டு உண்மை என்றாலும் அது இமாம் பசந்தா, நீலம் ரக மாவா என்பதை இலையை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது, காய்த்தால்தான் தெரியும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். அதுவரை விற்றவரின் இணையப் பக்கம் இருக்குமா என்று யோசியுங்கள். ரகம் முக்கியம் என்றால் தாய்மரத்தைக் காட்டக்கூடிய இடத்தில் நேரில் போய் வாங்குவது நல்லது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டால் அடிச்செடி மேலே வந்து ஒட்டு செத்துவிடும்.

நீல ரோஜா விதை, 50 விதை 149 ரூபாய். முளைத்திருக்கிறது, ஆனால் புல் மாதிரி இருக்கிறதே?
– காசிமேடு கல்லூரி மாணவர்

தம்பி, அது புல்லேதான். நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாகக் கிடையாது. ஜப்பானின் சண்டோரி நிறுவனம் பல வருடம் மரபணு வேலை செய்து 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல ரோஜா’கூடப் பார்த்தால் வெளிர் ஊதாதான். அதையும் பூவாக விற்றார்கள். 149 ரூபாய்க்கு விதையாகக் கொடுத்துவிடுவார்களா? தவிர, நல்ல ரோஜா ரகம் எதையும் யாரும் விதையில் பெருக்குவதில்லை. குச்சியிலோ மொட்டு ஒட்டிலோதான்.

பொட்டலத்தில் வெளிநாட்டுத் தபால் முத்திரை இருந்தால் விஷயம் வேறு. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2020 ஆகஸ்டில், யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத விதைப் பொட்டலங்களைப் பற்றி மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரித்தது. முளைத்ததையும் மிச்ச விதையையும் சேர்த்து எரித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

பார்சலில் வந்த அவகாடோ இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆர்ஓ மிஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.
– தண்டையார்பேட்டை வாசகி

கடைசி வரியில் நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். ஆர்ஓ, தண்ணீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் அந்தக் கழிவுக் குழாயில்தான் தள்ளுகிறது. போர் தண்ணீரில் உப்பின் அளவு லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்றால், கழிவில் 2,000-ஐத் தாண்டிவிடும். அவகாடோவோ பழமரங்களில் உப்பைத் தாங்கவே தாங்காத வகை. சிக்கனம் நல்ல எண்ணம்தான். அந்தத் தண்ணீரை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

நம் பக்கத்துக் கதையே உப்புதான். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரம் போகப் போக போர் தண்ணீர் மட்டுமல்ல, காற்றிலும் உப்பு. மலைப்பகுதியில் வளர்ந்த அவகாடோவை அனுப்புகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. ‘எல்லா ஊரிலும் வளரும்’ என்று ஒரு வரி போட்டுவிடுவார்.

இப்போதைக்கு தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெட்ரோ தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாக உப்பைக் கழுவி விடுங்கள். தண்ணீர் தேங்கினால் அவகாடோ வேர் அழுகும், அதனால் துளை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழை பெய்தால் ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். அவ்வளவு செய்தும் தேறாவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு சப்போட்டா வையுங்கள். கடல்காற்றையும் கொஞ்சம் உப்பையும் அது பொறுத்துக்கொள்ளும்.

எந்த மாதம் ஆர்டர் செய்யலாம்?
– பெரம்பூர் வாசகர்

ஜூலை முதல் செப்டம்பர் வரை, அப்புறம் பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை. கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் செடி நன்றாக வளரும், பார்சல்தான் வழியில் மாட்டிக்கொள்ளும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் தூங்கும்.

பக்கத்திலேயே மாதவரம் இருக்கும்போது எதற்கு ஆன்லைன் என்று வீட்டில் திட்டுகிறார்கள். நான் செய்வது தவறா?
– மணலி வாசகி

பாதி தவறு. மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, முருங்கை, கொய்யா இவற்றுக்குக் கூரியர் செலவு கொடுப்பது வீண். மாதவரம் பக்கத்து நர்சரிகளில் கையில் எடுத்து, பையின் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கலாம். தோட்டக்கலைத் துறைப் பண்ணையிலும் கன்று இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். இங்கே கிடைக்காத ரகம், அல்லிக் கிழங்கு, நாட்டு விதை போன்றவற்றுக்கு ஆன்லைன் சரி. விதையும் கிழங்கும் பெட்டிக்குள் ஒரு வாரம் கிடந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை.

மாதவரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வருவதாக இருந்தால் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். மணலி வருவதற்குள் லாரிக் காற்றில் துளிரெல்லாம் வாடிவிடும். நியூஸ்பேப்பரைச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.