உப்பு வாங்கி வை, டீச்சர்!

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன்: "மே 30 அன்று நைஜீரியாவிலிருந்து என் பழைய மாணவன் வாட்ஸ்அப்பில் ஒரு மெழுகுவத்திப் படம் அனுப்பினான், கூட ஒரு வார்த்தையும் இல்லை." அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே சர்க்கரை நோய், பாகப்பிரிவினை, பேரன் கணக்கில் வாங்கிய மார்க் எல்லாம் அடுத்த இதழுக்கு.

மே 30-ல் அங்கே என்ன? உங்களுக்கும் நைஜீரியாவுக்கும் என்ன சம்பந்தம்? (மதுரை வாசகர்)

சம்பந்தம் வயிற்றுப்பாடுதான். எண்ணெய்ப் பணம் புரண்ட காலத்தில் நைஜீரியா இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தது. நானும் ஒருவன். 1979 முதல் 1984 வரை இமோ மாநிலத்தில் ஒர்லு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நாட்டின் தென்கிழக்கு, இக்போ இன மக்களின் ஊர்.

1966 ஜனவரியில் ராணுவ மேஜர்கள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். பிரதமர் பலேவா கொல்லப்பட்டார். மேஜர்களில் பெரும்பாலோர் இக்போக்கள், செத்த தலைவர்களில் பெரும்பாலோர் வடக்கத்தியர். அவ்வளவு போதாதா? அந்த ஆண்டே வடக்கு நகரங்களில் இக்போக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு கிழக்கே ஓடிவந்தார்கள். 1967 மே 30 அன்று ஒஜுக்வு என்ற ராணுவ அதிகாரி கிழக்குப் பகுதியை 'பயாஃப்ரா' என்று தனி நாடாக அறிவித்தார். ஜூலையில் போர், 1970 ஜனவரியில் சரண். இறந்தவர்கள் பத்து லட்சம் என்பாரும் உண்டு, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. குண்டில் செத்தவர்களைவிடப் பசியில் செத்தவர்கள் அதிகம்.

அந்தக் கவிழ்ப்பை 'இக்போ சதி' என்று சொல்லியே அத்தனை பழியும் தீர்த்தார்கள். போரில் மத்திய அரசின் பக்கம் நின்று சண்டை போட்டு, பிற்பாடு நாட்டையே ஆண்ட பாபாங்கிடா, 2025-ல் வந்த தன் சுயசரிதையில் அது இக்போ சதி இல்லை என்று எழுதினார். ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து! அங்கே நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் போனபோது போரின் அடையாளம் ஏதாவது மிச்சம் இருந்ததா? (நாகர்கோவில் வாசகி)

கண்ணுக்குத் தெரிந்தது குறைவு. ஒனிச்சாவுக்குப் பேருந்தில் போகும்போது ஊலி என்ற இடத்தில் சாலை கொஞ்ச தூரத்துக்கு அகலமாக இருக்கும். முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் தொடையைத் தட்டி, "இதுதான் எங்கள் விமான நிலையம்" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். நிஜம்தான். முற்றுகைக்குள் இருந்த பயாஃப்ராவுக்கு அந்தச் சாலைதான் ஓடுதளம். சாவோ தோமே தீவிலிருந்து தேவாலய அமைப்புகளின் விமானங்கள் இருட்டில் வரும். இறங்கும் கணத்துக்கு மட்டும் விளக்கைப் போட்டு உடனே அணைத்துவிடுவார்கள், மேலே குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்குமே. கருவாடு, பால்பவுடர், உப்பு எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. நாங்கள் போன பேருந்து அந்த ஓடுதளத்தின் மேல் ஆடு, கோழி, கர்ரி என்ற மரவள்ளி மாவு மூட்டை சகிதம் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்று, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி. என் வீட்டுக்கார அம்மாவுடையது. அங்கே மூத்த பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். நான் அந்த அம்மாளை மாமா, மாமா என்று கூப்பிட, ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய என் மனைவி சிரித்து ஓய ஒரு வாரம் ஆயிற்று. ஒரு நாள் வாடகை கொடுக்கப் போனபோது மாமா பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு கட்டு பயாஃப்ரா நோட்டு இருந்தது. எண்ணெய்ப்பனையும், பின்னால் நம்மூர்ச் சுவரில் பார்த்த மாதிரியே உதயசூரியனும். அதன் கீழே செத்துப்போன கணவரின் வங்கி பாஸ்புக். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு இருப்பு. போர் முடிந்ததும் அரசு ஒரு விதி போட்டது: போர்க்காலத்தில் அந்தப் பக்கம் புழங்கிய கணக்கில் எவ்வளவு கிடந்தாலும் சரி, ஆளுக்குக் கையில் 20 பவுண்டு. மாமா அந்தக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டு, கணக்கு வாத்தியாரான என்னிடம் கேட்டார்: "இது எந்தக் கணக்கு, டீச்சர்?"

எனக்கு விடை தெரியவில்லை. இன்றுவரை.

'வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை' என்று அந்த நாட்டுத் தலைவர் பெருந்தன்மையாக அறிவித்தார் என்று படித்திருக்கிறேனே? (திருச்சி வாசகர்)

அறிவித்தார். ஜெனரல் கொவோன். அந்த வாக்கியத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய பழிவாங்கும் படலம் எதுவும் நடக்கவில்லை, அதற்கு அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் கூடவே வந்தது 20 பவுண்டு. இரண்டே வருஷத்தில், 1972-ல், அயல்நாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை நைஜீரியர்கள் வாங்கலாம் என்று சட்டம் வந்தபோது இக்போக்களின் கையில் காசு ஏது?

நைஜீரியாவின் ஆயுதப்படை நினைவு நாள் எது தெரியுமா? ஜனவரி 15. பயாஃப்ரா முறைப்படி சரணடைந்த தேதி. அன்று தலைநகர் அபுஜாவில் மலர்வளையம் வைத்து வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிடுவார்கள். அது வென்ற பக்கத்தின் நினைவு நாள். தோற்ற பக்கத்துக்கு மே 30 இருக்கிறது, ஆனால் அதை அரசு ஒரு நினைவு நாளாகவே பார்ப்பதில்லை, கலகமாகத்தான் பார்க்கிறது. 2016 மே 30-ஐ ஒட்டி ஒனிச்சாவில் கூடியவர்கள்மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் குறைந்தது 60 பேர் இறந்ததாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு சொன்னது. செத்தவர்களுக்கு அழப் போனவர்களும் செத்தார்கள். என் மாணவன் வார்த்தையே இல்லாமல் மெழுகுவத்தி மட்டும் அனுப்பியதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அவர்கள் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லித்தருகிறார்களா? (சேலம், ஆசிரியை)

பள்ளியில் நான் இருந்தவரை அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்த நூற்றாண்டில் ஆரம்ப வகுப்புகளில் வரலாறு என்ற பாடத்தையே தனியாக வைக்காமல் சில காலம் எடுத்துவிட்டார்கள், எதிர்ப்பு வந்தபிறகுதான் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். ஆனால் வருகைப்பதிவேட்டில் வரலாறு இருந்தது. என் வகுப்பில் 'ஒஸோஎமெனா' என்று ஒரு பையன். ஒரு வருஷம் முழுக்க தினமும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, 'பிரசன்ட் சார்' வாங்கி, டிக் போட்டிருக்கிறேன். பிறகுதான் அர்த்தம் சொன்னார்கள்: 'இன்னொரு முறை நேராதிருக்கட்டும்.' நம் ஊரில் பெண் குழந்தைகளாகப் பிறந்துகொண்டே இருந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைப்பார்களே, அந்த ரகம். அது பழைய இக்போப் பெயர்தான், போருக்கு முன்பே உண்டு. ஆனால் அவன் 1969-ல் பிறந்தவன்.

நினைவு நாளுக்குக் கடையடைப்பு என்றால் சரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடைக்கிறார்களாமே? (கோவை, வணிகர்)

உங்களுக்குத்தான் இந்த வலி சட்டென்று புரியும். தனி நாடு கேட்கும் இயக்கத்தின் தலைவர் நம்டி கனு 2021 ஜூனில் கென்யாவிலிருந்து பிடித்து வரப்பட்டார். அவரை விடச்சொல்லி ஆகஸ்டிலிருந்து திங்கள்தோறும் வீட்டில் இருங்கள் என்று இயக்கம் சொன்னது. பிறகு அந்த இயக்கமே வாபஸ் என்று அறிவித்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. ஏன் என்றால், திறந்த கடையைக் கொளுத்தவும் சாலையில் வந்தவனைச் சுடவும் வேறு ஆட்கள் முளைத்துவிட்டார்கள். அவர்களில் யார் போராளி, யார் வழிப்பறிக்காரன் என்று ஊர்க்காரர்களுக்கே தெரியாது. 2025 நவம்பரில் கனுவுக்கு அபுஜா நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

என் மாணவன் நேவி என்ற ஊரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். மாமாவின் கடைசி மகன்தான் அவன். பள்ளி முடித்து, உறவினர் ஒருவர் கடையில் சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் வேலை பழகி, கடைசியில் அவர் கொடுத்த முதலில் தனிக்கடை போட்டவன். 'இக்பா போய்' என்பார்கள் இந்த முறையை. 20 பவுண்டில் தூக்கிப் போடப்பட்ட சமூகம் எழுந்து நின்றது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவன் கடை போட்டால் இன்னொருவனைத் தூக்கிவிடுவான். அப்படி எழுந்த தெருவை, அவர்கள் பெயரைச் சொல்லியே வாரத்தில் ஒரு நாள் சாத்தி வைத்தால் எப்படி? "வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு திங்கள், சார். நீங்கள்தானே பெருக்கல் சொல்லிக்கொடுத்தீர்கள்" என்றான்.

2021 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, ஒர்லு பக்கம் ந்குமே என்ற ஊரில் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த பள்ளிக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள். பிள்ளைகள் பரீட்சைத் தாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தப் பக்கத்துச் சாலைகளில் நான் சைக்கிள் மிதித்திருக்கிறேன். செத்தவர்களின் பெயரால் உயிரோடிருக்கும் பிள்ளையின் பரீட்சையைக் கெடுப்பவனை நான் போராளி என்று சொல்ல மாட்டேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

நைஜீரியாவில் நடப்பது கிறிஸ்தவர்-முஸ்லிம் சண்டைதானே? (தூத்துக்குடி வாசகர்)

ஒரே சண்டை என்றால் எப்போதோ முடிந்திருக்கும். வடகிழக்கில் 2009 முதல் போக்கோ ஹராம். 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தினார்களே, அவர்கள். வடமேற்கில் கொள்ளைக் கும்பல்கள். அங்கே கடத்தப்படுவதும் கொல்லப்படுவதும் பெரும்பாலும் முஸ்லிம் கிராமத்தார். நடுப்பகுதியில் மேய்ச்சல்காரருக்கும் விவசாயிக்கும் நிலம், தண்ணீர்ப் பகை. அதில் மதமும் இனமும் சேர்ந்துகொள்ளும், கிறிஸ்தவக் கிராமங்கள் எரிந்ததும் உண்மை. தென்கிழக்கில் நான் மேலே சொன்ன கூத்து.

எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. மாநில ஆளுநரை அங்கே 'தலைமைப் பாதுகாப்பு அதிகாரி' என்று அழைப்பார்கள். ஆனால் போலீஸ் முழுக்க மத்திய அரசின் கையில். ஆணை அபுஜாவிலிருந்து வர வேண்டும். கிராமத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஆளுநரும் போன்தான் பண்ணலாம். 1999 அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மக்களின் பாதுகாப்பும் நலனுமே அரசின் முதல் நோக்கம் என்று தெளிவாகச் சொல்கிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? (காரைக்குடி வாசகி)

முதல் மாதம் பிஸ்கட். அப்புறம் மாமா வைத்த எகுசி சூப். அதில் 'ஒக்போரோகோ' என்று நார்வே நாட்டுக் கருவாடு போடுவார்கள், விறகு மாதிரி இருக்கும். ஊற வைத்தால் அமிர்தம்.

இக்போ ஒருவர் ஜனாதிபதியானால் இதெல்லாம் சரியாகிவிடுமா? எப்படிப்பட்ட தலைவரைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்? (சென்னை, கல்லூரி மாணவர்)

1970-க்குப் பிறகு ஒரு இக்போகூட அந்த நாட்டின் தலைமைப் பதவியில் உட்கார்ந்ததில்லை. அந்த மனக்குறை நியாயமானது. 2023 தேர்தலில் பீட்டர் ஒபி நின்றபோது இளைஞர்கள் பைத்தியமாகத் திரண்டார்கள். இக்போக்கள் மட்டுமல்ல, லாகோஸ் மாநிலத்திலேயே அவர்தான் முன்னணி. சுமார் 61 லட்சம் ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். டினுபு சுமார் 88 லட்சம் வாங்கி ஜெயித்தார். ஒன்பது கோடிக்கு மேல் வாக்காளர் உள்ள நாட்டில் ஓட்டுப் போட்டதே கிட்டத்தட்ட நாலில் ஒருவர்தான்.

ஆனால் ஆள் நம்மவராக இருந்தால் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தென்கிழக்கின் ஐந்து மாநிலங்களையும் ஆள்வது இக்போக்கள்தான். சாலையைப் பார்த்தால் தெரியும். இதை மாமாவே சொல்வார். இக்போ வழக்கத்தில் குடும்பத் தலைவரிடம் 'ஒஃபோ' என்று ஒரு குச்சி இருக்கும். அந்த மரத்திலிருந்து வெட்டக் கூடாது, தானாக உதிர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு பொய்யான தீர்ப்புச் சொன்னால் பிடித்தவனையே அது அழிக்கும் என்று நம்பிக்கை. "நம் மந்திரிகள் பைபிளையும் குர்ஆனையும் பிடித்துச் சத்தியம் செய்கிறார்கள், இரண்டும் பொறுமையானவை. ஒஃபோவைப் பிடிக்கச் சொல்லிப் பார்" என்பார் மாமா.

1983 டிசம்பர் 31 காலை. பள்ளி விடுமுறை. ரேடியோவைத் திருப்பினால் வெறும் ராணுவ இசை. பிறகு ஒரு பிரிகேடியர் ஆட்சி மாறியதாகப் படித்தார். அவர்தான் பின்னாளில் நாட்டை ஆண்ட அபாச்சா. எங்கள் முற்றத்தில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், ஊழல்காரர்கள் ஒழிந்தார்கள் என்று. மாமா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பணப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். "உப்பு வாங்கி வை, டீச்சர். கடை இப்போதே திறந்திருக்கும்." போரில் ஒரு கைப்பிடி உப்புக்கு அவர் தன் திருமணத் துணியைக் கொடுத்தவர். அன்று நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்தோம். எதுவும் நடக்கவில்லை, அந்த உப்பை நான் ஊர் திரும்பும்வரை தீர்க்க முடியவில்லை. ரேடியோவில் யார் குரல் கேட்டாலும் அந்த அம்மாள் கடைக்கு ஓடாமல் இருக்கிற மாதிரி ஓர் ஆட்சி, அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பது என்று நினைக்கிறேன். அதற்கு முதல் வேலையாக அந்தத் தலைவர் ஒரு மே 30 அன்று உமுவாஹியாவில் இருக்கும் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சும்மா நிற்கலாம். பேச வேண்டாம்.

மெழுகுவத்திப் படத்துக்கு நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள்? (அதே நாகர்கோவில் வாசகி)

இரண்டு நாள் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு, "வீட்டில் உப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது, ஆனால் அவனுக்குப் புரிந்தது. "இருக்கிறது சார். விலையை மட்டும் கேட்காதீர்கள்" என்று உடனே பதில் வந்தது.