காலை வெயிலா, உச்சி வெயிலா? வைட்டமின் டி கேள்வி பதில்

டாக்டர், ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 17 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, சரிசெய்துவிடலாம். 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்றாக எட்டு வாரம் எழுதித் தருவது வழக்கம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சாப்பாட்டோடு எடுங்கள். வாரம் ஒன்று, தினம் ஒன்று அல்ல.

தினமும் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் நடக்கிறேன். எனக்கும் எப்படிக் குறைந்தது?

சூரியன் தாழ்வாக இருக்கும்போது புற ஊதா பி கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வர வேண்டும். பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடும். அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உருவாகும். தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அதுதான் நேரம். நம் ஊரில் சுமார் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. கை, கால் வெயிலில் படட்டும். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். தோல் எரியும்வரை நிற்காதீர்கள். மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை.

உச்சி வெயிலில் நிற்கச் சொல்கிறீர்களே! குழந்தையை இளவெயிலில் காட்டித்தானே வளர்த்தார்கள்?

பெரியவர்களுக்குச் சொன்னதைக் குழந்தைக்குச் செய்யாதீர்கள். இளவெயிலில் சூடு குறைவு, அதனால் குழந்தைக்கு இதம். வைட்டமின் டி சொற்பம்தான். தாய்ப்பாலிலும் அது போதாது. அதனால்தான் ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தருகிறோம். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. லேபிளைப் படித்த பிறகு ஊற்றுங்கள்.

எனக்கு 19. என்ன செய்ய?

17-க்குச் சொன்னதேதான். மேலே படியுங்கள்.

புற்றுநோய், மாரடைப்பு வராமல் தடுக்குமா?

அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து வைட்டல் என்ற பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை. 2022-இல் வந்த முடிவுப்படி எலும்பு முறிவும் குறையவில்லை. ஆனால் அதில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. குறைபாடு இருப்பவருக்கு எலும்பும் தசையும் தேற இது கட்டாயம் வேண்டும். குறை இல்லாதவர் கூடுதலாக விழுங்கி லாபமில்லை.

முடி கொட்டுகிறது, இதனாலா?

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு 16...

தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். வாரம் ஒன்று!

என் அக்கா, மெடிக்கலில் வாங்கி இரண்டு மாதமாகத் தினம் ஒரு 60,000 பாக்கெட் குடித்திருக்கிறார். இப்போது வாந்தி, ஓயாத தாகம், மலச்சிக்கல்.

உடனே நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரையும் வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டும் பாருங்கள். காலி பாக்கெட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.