கார் கேள்வி, நேர் பதில்: ஆட்டோகிராஸுக்கு எந்த ரிம், எந்த டயர்?

கேள்வி: அண்ணா, ஒயிட்ஃபீல்டில் வேலை செய்கிறேன். என்னிடம் 2014 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் இருக்கிறது. 14 அங்குல ஸ்டீல் ரிம், 165/80 டயர். நண்பர்களோடு ஆட்டோகிராஸில் இறங்கலாம் என்று ஆசை. கையில் 35,000 ரூபாய். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 17 அங்குல அலாய், 205/45 டயரோடு செகண்ட்ஹேண்ட் செட் ஒன்று பார்த்தேன். "இதைப் போட்டால் வண்டி ரோட்டில் ஒட்டிக்கிட்டு ஓடும் சார்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: வேண்டாம் தம்பி. அட்வான்ஸ் கொடுக்காதவரை நல்லது.

ஆட்டோகிராஸ் என்பது கோன்களுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுவது. பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். நேராகப் பறப்பதற்கு இடமே இருக்காது. பிரேக், திருப்பு, மறுபடி ஆக்ஸிலரேட்டர் என்று நிமிடத்துக்குப் பல தடவை சக்கரத்தை நிறுத்தி நிறுத்திச் சுழற்றுகிறீர்கள். அங்கே எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. மடக்கிய குடையைக் கையில் சுழற்றிப் பாருங்கள், பிறகு விரித்துச் சுழற்றிப் பாருங்கள், புரிந்துவிடும். 17 அங்குல ரிம்மில் எடை வெளி ஓரத்துக்குப் போய்விடுகிறது, அதிலும் விலை குறைந்த அலாய் என்றால் உங்கள் ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாகவே இருக்கும், உங்கள் 1.2 லிட்டர் எஞ்சின் அதை ஒவ்வொரு கோனுக்குப் பிறகும் இழுக்க வேண்டும். சரி, டயர் உயரம் குறைந்தால் இழுவை கூடும், அந்த லாபமாவது உண்டா? உங்கள் 165/80 R14 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், 205/45 R17 ஏறக்குறைய 616. ஒன்றும் மாறவில்லை. மாறுவது சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர் உயரம் மட்டும் (165இல் 80 சதவீதம், 205இல் 45 சதவீதம்), 132 மில்லிமீட்டரிலிருந்து 92க்கு இறங்கிவிடுகிறது. பெங்களூரு குழிகளில் தினமும் ஆபீஸ் போகிறவருக்கு 92 மில்லிமீட்டர் சைடுவால் என்ன கொடுக்கும் என்று பஞ்சர் கடைக்காரரைக் கேளுங்கள். பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிய டயர்கள் அவர் கடை வாசலிலேயே கிடக்கும்.

வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. நீங்கள் ஓட்டப்போவது தார்த் தரையிலா, மண்ணிலா? நம் நாட்டில் ஆட்டோகிராஸ் என்றால் பல நேரம் மண் தரைதான், நிகழ்ச்சி நடத்துபவர்களின் விதிமுறைத் தாளில் தரை, வண்டி வகுப்பு, டயர் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும், அதைப் படிக்காமல் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். மண் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 14 அங்குல ஸ்டீல் ரிம்மும் உயரமான சைடுவாலும் வரப்பிரசாதம். கல்லில் இடித்து ரிம் ஓரம் நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொள்ளலாம். அலாய் என்றால் விரிசல்தான். எம்.ஆர்.எஃப். மாதிரி கம்பெனிகள் ராலிக்கென்றே மண் டயர் செய்கின்றன, ஆனால் முதல் வருடத்தில் அது உங்களுக்குத் தேவையில்லை. அதை மாட்டிக்கொண்டு வெளிவட்டச் சாலையில் ஆபீஸ் போகவும் முடியாது.

தார்த் தரை என்றால் ரிம்மைவிட ரப்பரில் பணம் போடுங்கள். கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் டயர்கள் பெரும்பாலும் மைலேஜை மனதில் வைத்துச் செய்தவை, கடினமானவை. முதலில் அதன் வயதைப் பாருங்கள். சைடுவாலில் டி.ஓ.டி. எழுத்துக்களின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ, அதாவது தரையைத் தொடும் வரிகள், நிறைய இருக்கிறது என்று ஆறேழு வருட டயரை நம்பாதீர்கள், ரப்பர் கல்லாகியிருக்கும், நகத்தால் அழுத்தினாலே தெரியும். செகண்ட்ஹேண்ட் செட்டில் உங்களுக்குக் காட்டப்பட்ட 205/45ஐயும் இப்படிப் பாருங்கள். 'ரிம் வாங்கினால் டயர் ஃப்ரீ' என்று தருவது பல தடவை இந்தக் கல் டயரைத்தான்.

அப்புறம் என்ன வாங்கலாம்? உங்கள் தலைமுறை ஸ்விஃப்டின் இசட்.எக்ஸ்.ஐ. மாடலில் 185/65 R15 வரும். அதன் உயரம் ஏறக்குறைய 621.5, உங்களுடையதோடு கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 17 அங்குலத்துக்கு மாறுகிறவர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும் ஒரிஜினல் 15 அங்குல அலாய்கள் அதே ஜே.சி. ரோட்டில் எக்ஸ்சேஞ்சில் வந்து கிடக்கும், சிவாஜிநகர் குஜரியிலும், அதாவது பழைய சாமான் சந்தையிலும், தேடலாம். எனக்குப் பிடித்த சிக்கனம் இதுதான்: அடுத்தவர் ஆசையால் கழற்றியதை நாம் பாதி விலைக்கும் குறைவாக எடுப்பது. அதில் நல்ல கம்பெனியின் 185/65 அல்லது 195/60 புது டயர் நான்கு. டயர் ஒன்று ஐயாயிரத்துக்கு மேல் ஆகும், நான்கும் ரிம்முமாகச் சேர்ந்து உங்கள் பட்ஜெட்டைத் தொடும். தாண்டினால் ரிம்மை விட்டுவிடுங்கள், டயரை விடாதீர்கள். இருக்கிற 14 அங்குலத்திலேயே நல்ல புது டயர் போட்டு ஒரு சீசன் ஓட்டலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் நேரப் பட்டியலில் பார்த்துக் கொள்ளலாம்.

அகலம் கூடினால் கிரிப் கூடும் என்பது பாதி உண்மை. 5.5 அங்குல அகலமுள்ள ரிம்மில் 195 வரை சரி. அதற்கு மேல் திணித்தால் டயர் இடுப்பில் பிதுங்கிக்கொண்டு நிற்கும், வளைவில் சைடுவால் சாயும், ஸ்டியரிங் ஒரு நொடி தாமதமாகப் பதில் சொல்லும்.

கேள்வி: குஜரியில் ரிம் வாங்கும்போது எதைப் பார்ப்பது? பெயின்ட் அடித்துப் புதிதுபோல வைத்திருக்கிறார்கள்.
– வாசகர், அல்சூர்

பதில்: பெயின்ட்டுக்குப் பின்புறம் பாருங்கள். ரிம்மைக் கவிழ்த்து, உள் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள், நெளிவு இருந்தால் விரல் சொல்லிவிடும். வெல்டிங் செய்த இடம் புது பெயின்ட்டுக்கு அடியிலும் ஒரு மங்கலான மேடாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கடையில் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றிச் சுற்றச் சொல்லுங்கள், ஓரம் ஆடுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். புது அலாய் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள்.

பொருத்தம் இன்னொரு கதை. ஸ்விஃப்ட், ஐ20 இரண்டுக்கும் நான்கு நட்டு, அவை அமையும் வட்டம் 100 மில்லிமீட்டர், நடு ஓட்டை 54.1. ஹோண்டா சிட்டி பலவற்றிலும் அதே 4x100, ஆனால் நடு ஓட்டை 56.1. நட்டு உட்கார்ந்துவிட்டது என்பதற்காக ரிம் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்த இடைவெளிக்கு சென்டர் ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். போலோவுக்கு ஐந்து போல்ட், அது தனிச் சாதி. ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) குறைந்த ரிம் வாங்கி வெளியே தள்ளிக்கொண்டு நிற்க வைத்தால் வீல் பேரிங்குக்கும் ஃபெண்டருக்கும் வேலை. ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: காற்று எவ்வளவு வைப்பது? ஒருவர் குறைக்கச் சொல்கிறார், ஒருவர் கூட்டச் சொல்கிறார்.
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: தார்த் தரையில் கூட்டச் சொன்னவர் சரி. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளதைவிட முன்சக்கரத்துக்கு நான்கு முதல் ஆறு பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஸ்கூல் சாக்பீஸ் ஒன்றை எடுத்து டயரின் தோளில், அதாவது பூ முடிந்து சைடுவால் தொடங்கும் இடத்தில், குறுக்காகக் கோடு போடுங்கள். ஒரு ரன் முடித்து வந்து பாருங்கள். கோடு சைடுவாலுக்குள் கீழே வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று போதவில்லை. பூவின் ஓரத்திலேயே அழியாமல் நின்றால் அதிகம். இந்தச் சாக்பீஸ் சொல்வதைப் பக்கத்தில் நிற்கிற அனுபவசாலியைவிட நம்புங்கள். இரண்டு மூன்று ரன்னில் டயர் சூடாகி அழுத்தம் தானாக ஏறும், அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொண்டு இடையில் விட்டுக் குறையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஸ்டிக்கர் அளவுக்குத் திருப்பி வையுங்கள். மண் தரையில் ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், ஸ்டிக்கர் அளவு போதும்.

கேள்வி: பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன்சக்கர டிரைவ் வண்டி. முன்னால் மட்டும் நல்ல டயர் போடலாமா?
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: போட்டால் முன்புறம் நன்றாகக் கடிக்கும், வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் பின்புறம் சுழன்று வந்து உங்களைப் பார்க்கும். கோன் திடலில் அது வேடிக்கை. அதே வண்டியில் சாயங்கால மழையில் ஓசூர் ரோட்டில் வந்தால் வேடிக்கை இல்லை. புதியவர் நான்கும் ஒரே டயராகப் போடுங்கள், இன்னும் இரண்டு மாதம் சேர்த்தாலும் பரவாயில்லை. முன் டயரின் வெளித் தோள் சீக்கிரம் தேயும், அதனால் அடிக்கடி முன்பின் மாற்றுங்கள். புது டயரை நேராகக் களத்துக்குக் கொண்டுபோகாமல் நூறு கிலோமீட்டராவது ஓட்டி மேல்பூச்சைக் கழியுங்கள்.

கேள்வி: ஏதாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் வருமா?
– அதே மாரத்தஹள்ளி வாசகர்

பதில்: வராது. வழக்கமான மோட்டார் பாலிசியில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்று எழுதியே இருக்கும். அதனால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் உட்பட. வீல் நட்டை ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்து முறுக்காமல், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள், முதல் ரன் முடிந்ததும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.