வெள்ளி நீர்வீழ்ச்சியில் அரை மணி நேரம்

கேள்வி: நவம்பரில் குடும்பத்துடன் மதுரையிலிருந்து காரில் கொடைக்கானல் செல்கிறோம். சென்ற முறை வழியிலுள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியைப் படமெடுத்தபோது அருவி வெறும் வெள்ளைத் திட்டாகவே பதிந்தது. கேமராவும் அதனுடன் வந்த லென்ஸும் கைபேசியும் இருக்கின்றன. எந்த நேரத்தில் நிற்பது, எப்படி எடுப்பது? குழந்தைகள் அங்கே குளிக்கலாமா?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரியானதே. கொடைக்கானலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் கீழே, வத்தலக்குண்டு மலைப்பாதையை ஒட்டி ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து விழும் இந்த அருவி, 1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீரால் ஓடுவது. ஆகவே அருவியருகே மழை பெய்கிறதா என்பதைவிட, மேலே ஊரில் பெய்ததா என்பதே முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நீர் பாறை முழுவதும் பரவி விழும். கோடையில் சில இழைகளாக மெலிந்துவிடும்.

ஆனால் மலையேறும் வழியில் நிற்காதீர்கள் என்பதே என் யோசனை. நீங்கள் வந்து சேரும் முற்பகலில் வெயில் ஏறியிருக்கும், வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும், குழந்தைகளும் களைத்திருப்பார்கள். கொடைக்கானலில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் கீழே இறங்கி வாருங்கள். இறங்கும்போது, ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை விதி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சென்ற முறை படம் வெளுத்ததற்குக் காரணம் வெயில்தான். ஈரப் பாறையின் கருமைக்கும் நுரையின் வெண்மைக்கும் உள்ள இடைவெளி, நேர் வெயிலில் கேமராவால் தாங்க முடியாத அளவுக்கு விரிகிறது; பாறையைக் கணக்கில் கொண்டு கேமரா ஒளியைக் கூட்டும்போது நீரிலுள்ள நுணுக்கங்கள் அழிந்துவிடுகின்றன. மேகமூட்டமான காலையில் இச்சிக்கல் பெருமளவு குறையும். அப்போதும் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள்; இருண்ட பாறையைப் பின்னர் கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன நீரை மீட்க முடியாது.

அடுத்தது ஷட்டர் வேகம். பல நொடிகள் திறந்துவைத்து அருவியைப் பஞ்சுபோல் ஆக்கும் வழக்கம் பெரிய அருவிகளுக்கே பொருந்தும் என்பது என் கருத்து. இது போன்ற சிறிய அருவியின் அழகு, பாறையில் பட்டுப் பட்டுப் பிரியும் இழைகளில் இருக்கிறது. நொடியில் கால் பங்கு அல்லது எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் ஓட்டமும் தெரியும், இழைகளும் அழியாமல் இருக்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, துளை (லென்ஸின் திறப்பு) எஃப் 11 என வைத்தால், மேகமூட்டத்தில் முப்பதில் ஒரு பங்கு நொடி கிடைக்கும் என்று கொள்வோம். அதனுடன் லென்ஸின் முன் ஒரு போலரைசர் ஃபில்டர் மாட்டினால், உள்ளே வரும் ஒளி குறைந்து, ஷட்டர் வேகம் எட்டில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். ஈரப் பாறையிலும் இலைகளிலும் உள்ள பளபளப்பையும் போலரைசர் குறைப்பதால், ஒளியை மட்டும் குறைக்கும், கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி ஃபில்டருக்கு முன் இதையே வாங்கச் சொல்வேன். முக்காலி அவசியம், லாரி கடக்கும்போது ஏற்படும் அதிர்வு அடங்கிய பிறகு, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். கைபேசியில் அளவுகளை நாமே அமைக்கும் ப்ரோ முறை இருந்தால் இதே அளவுகளை முயலலாம். பெரும்பாலான கைபேசிகளில் துளையை மட்டும் மாற்ற முடியாது.

அகலமாக எடுத்தால் சாலையோரக் கம்பிகளும் கடைகளும் படத்துக்குள் வந்துவிடும். லென்ஸை ஜூம் செய்து, நீர் இரண்டாகப் பிரியும் ஓரிடத்தை மட்டும் நெடுக்குவாட்டில் எடுத்துப் பாருங்கள்.

குளிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஊரின் நடுவிலுள்ள ஏரியிலிருந்து வரும் இந்த நீர் குடிக்கவும் உகந்ததன்று. அடிப்பாறைகள் பாசி படர்ந்து வழுக்கும். மேலே மழை கொட்டினால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே நீர் பெருகக்கூடும். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துவந்தாலோ, இரைச்சல் கூடினாலோ முக்காலியை மடக்கிக்கொண்டிருக்காமல் குழந்தைகளுடன் உடனே சாலைக்கு வந்துவிடுங்கள்.

வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள். தின்பண்டப் பையைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் பறித்துவிடும். அதைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுச் செல்லுங்கள். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதால், இப்போதுள்ள விதிமுறையைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.