பக்கத்து மனையில் புதர், தெருவில் சாயும் சுவர்: மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தெருக்காரர்கள் குப்பையையும் அங்கேயே கொட்டுகிறார்கள். மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முகவரி தெரியாது. என்ன செய்வது?
– வாசகி, சென்னைப் புறநகர்

பதில்: முதலில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். ‘எங்கள் பக்கத்துக் காலி மனை’ என்று மட்டும் எழுதிய மனுவை வைத்துக்கொண்டு எந்த அலுவலராலும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. மனுக்கள் முடங்கிப்போவது இந்த இடத்தில்தான். உங்கள் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தைப் பாருங்கள். பக்கத்து மனையின் எண்ணோ, அப்போதைய உரிமையாளர் பெயரோ அதில் இருக்கும். சர்வே எண்ணும் உட்பிரிவும் கைக்கு வந்துவிட்டால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த் துறையின் இணைய சேவையில் பார்க்கலாம். பட்டா மாற்றாமல் விட்டிருந்தால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் கடைசியாக வாங்கியவர் தெரிவார். காலிமனை வரி விதிக்கப்பட்டிருந்தால் முகவரி உள்ளாட்சியின் வரிப் பதிவேட்டிலேயே இருக்கும்.

மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சி) மனு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். சர்வே எண், எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, தேதியுடன் இரண்டு மூன்று படங்கள், தெருக்காரர்கள் ஐந்தாறு பேரின் கையெழுத்து. 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் தனியார் இடத்தில் கொசு உற்பத்தியாவதையும் தடுக்க வழிசெய்கிறது என்பதால், அதையும் குறிப்பிடுங்கள்.

‘கொசு மருந்துப் புகை அடிக்க வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடுவது அந்த முழங்கால் தண்ணீரில் அல்ல. குப்பையோடு கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கவிழ்த்து வைப்பது போதாது, பொருளையே அப்புறப்படுத்த வேண்டும் என்று கேளுங்கள். படத்திலும் அவை தெரியட்டும்.

மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913, மற்ற இடங்களில் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 என்ற எண்களிலும் புகார் பதியலாம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இந்தத் தேதியிட்ட மனு தொடர்பான கோப்பின் நகல், ஆய்வு அறிக்கையின் நகல்’ என்று கேளுங்கள்.

பொறுமை இழந்து நீங்களே ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். எல்லைக்கல் பெயர்ந்துவிட்டால் நியாயம் தலைகீழாகிவிடும், வழக்கு உங்கள் மேல் வரும்.

கேள்வி: தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் சுவர் சாய்ந்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை ஒட்டித்தான் நடக்கிறார்கள். வாரிசுகளுக்குள் வழக்கு இருப்பதால் யாரும் கை வைப்பதில்லை.
– வாசகர், தஞ்சை மாவட்டம்

பதில்: வாரிசு வழக்கு முடியும்வரை சுவர் காத்திருக்காது, நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளாட்சிக்கு ஒரு மனு கொடுங்கள். கூடவே வருவாய்க் கோட்டாட்சியரிடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இன் கீழ் மனு கொடுங்கள். அவரே உட்கோட்ட நிர்வாக நடுவர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் 152 ஆகியிருக்கிறது. இன்னமும் பழைய எண்ணைப் போட்டு எழுதுகிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். விழும் நிலையிலுள்ள கட்டடம், மரம், வழியோரத்தில் வேலியில்லாத கிணறு எல்லாம் இதில் அடங்கும்.

நடுவர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார்: குறித்த நாளுக்குள் இடி அல்லது சரிசெய், இல்லையேல் வந்து காரணம் சொல். வராவிட்டால் உத்தரவு உறுதியாகும். அதன் பிறகும் செய்யாவிட்டால் அரசே செய்து செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதி 120 நாள்வரை நீட்டிக்கலாம். மழைக்காலத்தில் அது நீண்ட காலம். எனவே உடனடி ஆபத்தைத் தடுக்க இடைக்காலத் தடையாணையும் தரும்படி பிரிவு 161-ஐயும் சேர்த்து எழுதுங்கள். சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுதி வாங்கி இணைத்தால் மனுவின் கனமே வேறு.

நிதி இல்லை என்று உள்ளாட்சி கைவிரித்தால், ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்கவில்லை என்பதை நினைவூட்டுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாமரக் கிளை எங்கள் மொட்டைமாடிக்கு மேல் பரந்திருக்கிறது. வெட்டலாமா?
– வாசகி, சேலம்

பதில்: இது பொதுத் தொல்லை அல்ல, இரண்டு வீட்டுக்கு இடையிலானது. கோட்டாட்சியரிடம் போனால் இந்தக் காரணத்தாலேயே தள்ளுபடியாகும். முதலில் எழுத்தில் சொல்லி, ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அசையாவிட்டால், அவர்கள் இடத்தில் கால் வைக்காமல், எல்லையைத் தாண்டி உங்கள் பக்கம் வந்ததை மட்டும் வெட்டலாம். காய் அவர்களுடையது, கொடுத்துவிடுங்கள். வேரில் அமிலம் ஊற்றுவது குற்றம். மரமே உங்கள் வீட்டின்மேல் சாயும் நிலை என்றால் மட்டும் பிரிவு 152 பொருந்தும்.

கேள்வி: இரவு 11 மணிக்கும் ஒலிபெருக்கி பாடுகிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். பாட்டு ஓடும்போதே 112-க்கு அழையுங்கள். மறுநாள் கொடுக்கும் புகாரில் அளக்க ஒலி இருக்காது.