வாயில் 5 நிமிஷம்கூட நிற்காத மருந்து 6 மணி நேரம் என்ன செய்கிறது?

வாசகி ஒருவரின் கேள்வி: "அம்மாவுக்கு 68 வயது, பல்செட் போட்டிருக்கிறார். நாக்கில் வெள்ளையாகப் படிந்ததற்கு டாக்டர் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து 4 வேளை எழுதினார். கொப்பளித்து விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் எச்சிலோடு போய்விடுகிறது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாமா? 3 நாளில் வெள்ளை மறைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா?"

அடிக்கடி கொடுக்கவும் வேண்டாம், இப்போதே நிறுத்தவும் வேண்டாம்.

அந்த வெள்ளைக்குக் காரணம் கேன்டிடா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. நிஸ்டாட்டின் அதன் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளில் போய் ஒட்டி ஓட்டை போடுகிறது, உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஒழுகிவிடும். மருந்தின் அளவு போதுமானதாக இருந்தால் செல் செத்துவிடும். எச்சிலில் நீர்த்துப் போய், குறைந்த அளவு மருந்து கொஞ்ச நேரமே பட்டால்? சாகாது, ஆனால் அடிபட்டுக் கிடக்கும்.

இதை ஆய்வகத்தில் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கேன்டிடாவை 1 மணி நேரம் மருந்தில் வைத்து, அப்புறம் மருந்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் புது ஊட்டத் திரவத்தில் விடுவார்கள், பக்கத்திலேயே மருந்து படாத ஈஸ்ட்டோடு இன்னொரு குழாய். மருந்து படாத குழாய் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவரும்போது மருந்து பட்டது இன்னும் தெளிவாகவே நிற்கும். நிஸ்டாட்டின், அதே வகைப் பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசின் இரண்டுக்கும் இந்தத் தாமதம் சில மணி நேரம். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இருந்த, இலங்கையைச் சேர்ந்த லக்ஷ்மன் சமரநாயக்கவின் குழு 1990-களில் இதை வாய் கேன்டிடாவில் விரிவாக ஆராய்ந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு: மறுபடி வளர ஆரம்பித்தாலும் அந்த ஈஸ்ட் கன்னத்து உட்தோல் செல்களில் முன்போல் ஒட்டுவதில்லை, முளைக்குழாய் (ஈஸ்ட் செல்லிலிருந்து இழையாக நீளும் முளை) விடுவதும் குறைகிறது. ஒட்டாத பூஞ்சையை எச்சிலே அடித்துக்கொண்டு போய்விடும். வேளைக்கும் வேளைக்கும் நடுவில் நடப்பதில் ஒரு பங்கு இதுதான்.

எல்லா மருந்துக்கும் இப்படி இல்லை. ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைக் கழுவி எடுத்தால் ஈஸ்ட் கிட்டத்தட்ட உடனே வளர ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு வேளையே போதும். நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது, வாயில் படும் நேரம்தான் அதற்குக் கணக்கு.

அதனால் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஒவ்வொரு வேளையையும் ஒழுங்காகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு, பல்செட்டைக் கழற்றிவிட்டு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றி, முடிந்தவரை வாயிலேயே வைத்துச் சுழற்றச் சொல்லுங்கள். உடனே தண்ணீர் குடித்தால் எல்லாம் வீண். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பழக்கம் இருந்தால் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பலனைக் கெடுத்துக்கொள்ளும், நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள்.

நிறுத்துவது பற்றி: வெள்ளை போனது கண்ணுக்குத்தான். அடிபட்டுக் கிடப்பது எழுந்துகொள்ள ஒருநாள் சும்மா விட்டாலே போதும். தொந்தரவு முழுசாகப் போன பிறகும் 2 நாளாவது தொடர்வதுதான் வழக்கம், டாக்டர் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

பல்செட்டை மறந்துவிடாதீர்கள். அதன் அடியில் படலமாகப் படிந்த கேன்டிடா, குழாயில் மிதக்கும் ஈஸ்ட் மாதிரி சுலபமாக அடங்காது, நான் மேலே சொன்ன ஆய்வகக் கதை அங்கே அப்படியே செல்லாது. தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, ராத்திரி கழற்றித் தண்ணீரில் வையுங்கள். கழற்றியதும் மேல் அண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் வெள்ளையாக இருக்காது, பல்செட்டின் அச்சு மாதிரி சிவந்திருக்கும். சிவப்பு இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.