கோடு சேர்ந்திருக்கிறது, மின்சாரம் சேரவில்லை: கீகேட் கேள்வி-பதில்

மின்சுற்றுப் பலகைகளை வரையும் மென்பொருளான கீகேட் பற்றி வந்த கேள்விகளைப் பிரித்துப் படித்தபோது பலவற்றில் ஒரே வாசகம்: "திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும்..." நாம் பார்ப்பது கோடு. மென்பொருள் பார்ப்பது கோட்டின் முனை எந்தப் புள்ளியில் நிற்கிறது, அதற்கு என்ன பெயர் என்பதை. இந்த இரண்டு பார்வைகளும் பிரியும் இடத்தில்தான் முக்கால்வாசித் தொல்லை. 8, 9-ஆம் பதிப்புகளை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாகக் குறைக்க ஒரு 7805 ஐசி, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். இவ்வளவுதான் சர்க்யூட். ஈஆர்சி (மின் இணைப்பு விதிகளைப் பார்க்கும்) சோதனை ஓட்டினால், மின்சாரம் வாங்கும் காலுக்குக் கொடுப்பவர் யாரும் இல்லை என்று இரண்டு பிழைகள் வருகின்றன. அடாப்டர் கனெக்டரைத்தான் போட்டிருக்கிறேனே?

பதில்: போட்டிருக்கிறீர்கள். ஆனால் கனெக்டரின் கால்களுக்குக் கீகேட் நூலகத்தில் 'பாசிவ்' என்று பெயர். அதன் வழியாக மின்சாரம் வருகிறதா, போகிறதா, வெறும் சிக்னலா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. 7805-இன் உள்வரும் காலும் கிரவுண்டு காலும் 'பவர் இன்புட்' வகை. வெளிவரும் கால் 'பவர் அவுட்புட்'. அதனால் 5 வோல்ட் லைனில் பிழை வராது. 12 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் மட்டும் வரும். உங்களுக்கு இரண்டு பிழைகள் வந்த கணக்கு இதுதான்.

பவர் ஃபிளாக் என்ற குறியீட்டை 12 வோல்ட் லைனில் ஒன்று, கிரவுண்டில் ஒன்று வையுங்கள். "இங்கே வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது, நான் பொறுப்பு" என்று நீங்கள் கையெழுத்துப் போடுவது போல. நடுவில் ஃபியூஸோ டயோடோ இருந்தால், அதற்கு அப்பால், 7805 பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபியூஸைத் தாண்டினால் லைன் வேறு, பெயர் வேறு. 5 வோல்ட்டிலும் ஒன்று இருக்கட்டுமே என்று வைத்தால், கொடுப்பவர் இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று புதுப் பிழை வரும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிழை வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு ஃபிளாக் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் '+5வி' குறியீடும் இன்னோரிடத்தில் 'விசிசி' குறியீடும் போட்டால் நமக்கு இரண்டும் ஒன்றுதான். கீகேட்டுக்கு இரண்டு தனித்தனி லைன்கள். அங்கே வரும் பிழை உண்மையான பிழை. ஃபிளாக் வைத்து அதன் வாயை அடைத்தால் மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரமே போகாது.

கேள்வி: ஸ்கிமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) ரெசிஸ்டரை ஐசியோடு இணைத்திருக்கிறேன். பிசிபி (பலகை வடிவமைப்பு) பக்கம் போனால் அந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய இணைப்புக் கோடு வரவில்லை.

பதில்: நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். காலின் நுனியில் சின்ன வட்டம் இருந்தால், வயரின் நுனியில் சின்னச் சதுரம் இருந்தால், அவை சேரவில்லை. சேர்ந்த கணமே அவை மறைந்துவிடும். கிரிட்டை, அதாவது பின்னணிக் கட்டங்களின் அளவை, மாற்றியதுதான் பெரும்பாலும் காரணம். நூலகக் குறியீடுகள் 1.27 மில்லிமீட்டர், அதாவது 50 மில் கட்டத்தில் வரையப்பட்டவை (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அழகாக வரவேண்டும் என்று கிரிட்டைச் சிறிதாக்கி ஒரு பொருளை நகர்த்தினால், கால் நுனி ஒரு மயிரிழை தள்ளிப்போய் நிற்கும். கிரிட்டை 50-க்குத் திருப்பி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் கிரிட்டுக்கு நேராக்கும் கட்டளையைக் கொடுங்கள். பிறகு எஃப்8 அழுத்திப் பிசிபிக்கு மாற்றங்களை அனுப்ப மறக்காதீர்கள். ஸ்கிமேட்டிக்கில் திருத்தியது தானாகப் போய்ச் சேராது.

இரண்டு வயர்கள் குறுக்கே போனால் மட்டும் இணைப்பு ஆகாது, புள்ளி வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிரவுண்டுக்காகத் தாமிரப் பரப்பு வரைந்தேன். வெறும் எல்லைக்கோடு மட்டும் தெரிகிறது.

பதில்: 'பி' விசையை அழுத்துங்கள். அப்போதும் நிரம்பவில்லையென்றால், பரப்புக்குக் கொடுத்த பெயரைப் பாருங்கள். அந்தப் பெயருள்ள ஒரு பேடுகூட (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் தாமிர இடம்) எல்லைக்குள் இல்லையென்றால், அதை யாரோடும் சேராத தீவு என்று கருதிக் கீகேட் நீக்கிவிடும்.

இதைவிட ஆபத்தானது நிரப்பிய பிறகு திருத்துவது. ஒருமுறை எல்லாம் முடித்து, கடைசி நிமிடத்தில் ஒரு 5 வோல்ட் டிராக்கை (தாமிரப் பாதையை) நிரம்பிய பரப்பின் குறுக்கே கொண்டுபோனேன். மறுபடி நிரப்பவில்லை, டிஆர்சி (பலகை விதிச் சோதனை) ஓட்டவில்லை, அப்படியே கெர்பர் (பலகை செய்பவருக்கான கோப்புகள்) எடுத்து அனுப்பிவிட்டேன். வந்த பத்துப் பலகைகளிலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிளேடால் தாமிரத்தைச் சுரண்டி ஆறு பலகைகளை மீட்டேன். கெர்பர் எடுக்கும் ஜன்னலில், எழுதுமுன் பரப்புகளைச் சரிபார்க்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டே வையுங்கள்.

கேள்வி: ரிலே போர்டு செய்தேன். பிசி547 டிரான்சிஸ்டர் தீர்ந்துவிட்டதால் கடையில் கொடுத்த 2222-ஐப் போட்டேன். ரிலே இழுக்கவில்லை. ஈஆர்சி, டிஆர்சி இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை, ஐயா.

பதில்: இருக்காது. கடைக்காரர் என்ன கொடுத்தார் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

டிரான்சிஸ்டரைத் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடியுங்கள். பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர், நேர் எதிர். வேடிக்கை என்னவென்றால், பி2என்2222 என்று ஒன்று உண்டு. பெயரின் நடுவில் ஒரு 2 மட்டும் கூடுதலாக இருக்கும். கால் வரிசை பிசி547-ஐப் போலவே இருக்கும். ஆகவே உடம்பில் அச்சிட்டிருக்கும் முழு எண்ணையும் படித்து, அதற்குரிய டேட்டாஷீட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்களுடையது பிஎன்2222 என்றால், புதிதாக ஒன்றை எடுத்து 180 பாகை திருப்பிப் போட்டால் வேலை செய்யும். ஏற்கெனவே போட்டதைக் கழற்றி மறுபடி பயன்படுத்தாதீர்கள். எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையில் தலைகீழாக 5, 6 வோல்ட் அளவுதான் தாங்கும்; உங்கள் ரிலே 12 வோல்ட். சி1815 கிடைத்திருந்தால் திருப்பியும் பயனில்லை, அதில் நடுக்கால் கலெக்டர்.

அடுத்த முறை ஸ்கிமேட்டிக்கில் பொதுவான என்பிஎன் டிரான்சிஸ்டர் குறியீட்டை எடுக்கும்போது அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைக் கவனியுங்கள். இபிசி, சிபிஇ என்று கால் வரிசையே அங்கு எழுதியிருக்கிறது.

கேள்வி: கல்லூரிக் கணினியில் சேமித்த புராஜெக்ட் என் மடிக்கணினியில் திறக்க மறுக்கிறது.

பதில்: கல்லூரியில் புதிய பதிப்பு, உங்களிடம் பழையது. 1992-இல் பிரான்சில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய இந்த மென்பொருளில், இப்போது ஏறத்தாழ ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது: 7-ஆம் பதிப்பு 2023 பிப்ரவரியில், 8-ஆம் பதிப்பு 2024 பிப்ரவரியில், 9-ஆம் பதிப்பு 2025 பிப்ரவரியில். புதியது பழைய கோப்பைத் திறக்கும். சேமித்துவிட்டால் பழையதால் திறக்க முடியாது.

பலகைக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே தேதி மாதிரி ஒரு பதிப்பு எண் தெரியும். 8-ஆம் பதிப்பில் அது 20240108. அந்த எண்ணை மட்டும் திருத்தி ஏமாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் கணினியிலும் புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள், காசா பணமா? அது முடியாத நிலையென்றால், புராஜெக்ட் கோப்புறைக்குள் 'பேக்கப்ஸ்' என்று முடியும் கோப்புறையில் ஜிப் கோப்புகள் இருக்கும். பதிப்பு மாறுவதற்கு முந்தைய தேதியுள்ளது கிடைத்தால் பிழைத்தீர்கள்.

கேள்வி: உபுண்டுவில் 3டி காட்சியில் பலகை மட்டும் பச்சையாகத் தெரிகிறது, பாகங்கள் ஒன்றுமே இல்லை.

பதில்: 3டி மாதிரிகள் தனிப் பொதியாக வருகின்றன, அதை நிறுவவில்லை. பலகை சரியாக வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: துளைகள் எல்லாம் பேடுகளிலிருந்து ஒரே திசையில் தள்ளிப்போயிருப்பதாகப் பலகை செய்பவர் சொல்கிறார்.

பதில்: கெர்பருக்கு ஒரு தொடக்கப்புள்ளி, துளைக் கோப்புக்கு வேறொரு தொடக்கப்புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஜன்னல்களிலும் ஒரே தேர்வை வைத்து மறுபடி எடுங்கள். அனுப்புமுன் கீகேட்டோடு வரும் கெர்பர் பார்வையாளரில் எல்லாக் கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டியால் டோனரை (பிரிண்டர் மைத்தூளை) ஒட்டி, தாமிரத்தைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் போட்டுப் பலகை செய்கிறேன். ஒற்றைப் பக்கம். ஐசி தலைகீழாக அமைந்துவிட்டது. பிரிண்ட் எடுக்கும்போது 'மிரர்' போட வேண்டுமா, வேண்டாமா?

பதில்: பாகங்கள் மேலே, தாமிரம் கீழே என்றால் வேண்டாம். கீழ் அடுக்கைக் கீகேட் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போலக் காட்டுகிறது. காகிதத்தைத் தாமிரத்தின்மேல் கவிழ்த்து ஒட்டும்போது அது தானே ஒருமுறை திரும்பிவிடும். நீங்கள் மிரரும் போட்டதால் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. மேல் அடுக்கை ஒட்டுவதாக இருந்தால் மட்டும் மிரர் வேண்டும்.

குழம்பாமல் இருக்க நான் செய்வது: கீழ்த் தாமிர அடுக்கிலேயே ஒரு மூலையில் ஊர்ப் பெயரோ தேதியோ எழுதிவிடுவேன். காகிதத்தில் அது கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தால் ஒட்டலாம். நேராகப் படிக்க முடிந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும்.

அளவு 1:1 என்று கீகேட்டில் வைத்தால் போதாது. பிரிண்டர் தன் பங்குக்குப் பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று சுருக்கும். ஐசியின் ஒரு வரிசையில் பத்து இடைவெளிகளை அளந்தால் 25.4 மில்லிமீட்டர் வரவேண்டும். துளையிடும்போது பேடு பெயர்ந்து வருகிறதென்றால், இரண்டு வரிசைக் கால்களுள்ள டிஐபி ஐசிகளுக்கு நூலகத்திலேயே 'லாங் பேட்ஸ்' என்று முடியும் ஃபுட்பிரிண்டுகள் (பேடு அமைப்புகள்) இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.